மஞ்சக்குப்பம் மாடி ஜிம், சாயங்கால பேட்ச்: வெயிட் தூக்கினால் பிள்ளையின் வளர்த்தி நின்றுவிடுமா?

கடலூரில் 12, 13 வயதுப் பிள்ளையை ஜிம்மில் சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் எந்த ஜிம், அங்கே யார் சொல்லித் தருகிறார்கள் என்று போய் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சேர்க்க வேண்டும். அப்படி டவுனில் சில இடங்கள் ஏறி இறங்கிப் பார்த்ததில் என் மனதுக்குச் சரியென்று பட்டது மஞ்சக்குப்பத்தில் அண்ணா ஸ்டேடியத்துக்குப் போகிற பக்கம் ஒரு சந்துக்குள் மாடியில் நடக்கும் இந்த ஜிம்தான். என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான், பள்ளிக்கூடத்துக் கபடி டீமில் இருக்கிறான், ரெய்டு போனால் ஒல்லிப் பையன் என்று இடுப்பைப் பிடித்து அலாக்காகத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். எனக்கும் பலம் வேண்டும், ஜிம்மில் சேர்த்துவிடு என்று அவனே நச்சரித்ததில் ஆரம்பித்தது இது.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஏசி கிடையாது, ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, மெஷின்கள் குறைவு, இருப்பதிலும் பாதி பழசு. நான் கவனித்தது வேறு. மூலையில் சின்ன ராடுகள் தனியாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், 5 கிலோவில் ஒன்று, 10 கிலோவில் ஒன்று. பக்கத்தில் 1.25 கிலோ பிளேட்டுகள் அடுக்கி இருக்கின்றன. இது ஒரு விஷயமா என்று தோன்றலாம், பிள்ளைகளுக்கு இதுதான் முதல் விஷயம். பெரியவர்கள் தூக்குகிற வழக்கமான நீள ராடு பிளேட் எதுவும் மாட்டாமலேயே 20 கிலோ இருக்கும். 40 கிலோ எடையுள்ள பையனுக்கு அது அவன் உடம்பில் பாதி. நான் பார்த்த மற்ற இடங்களில் அந்த ராடுதான் இருந்தது, அதையே எல்லோருக்கும் கொடுக்கிறார்கள், "தூக்கிடுவான் மேடம், பழகிடும்" என்கிறார்கள். இங்கே அந்தப் பேச்சே இல்லை.

மாஸ்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முப்பத்தைந்து வயது இருக்கும், முன்பு காலேஜ் அளவில் பளு தூக்கியவர். பிள்ளைகள் எல்லோரும் "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள், என்னை "அக்கா" என்கிறார். சேர்த்த புதிதில் என் மகன் கையில் அவர் கொடுத்தது இரும்பே இல்லை, பிளம்பிங்குக்குப் போடுகிற பிவிசி பைப் ஒன்றை ஆள் உயரத்துக்கு அறுத்து வைத்திருக்கிறார், அதைத்தான் கொடுத்தார். அந்தப் பைப்பைத் தோளில் வைத்துக்கொண்டு, பின்னால் போட்டிருக்கிற மரப் பெஞ்சில் உட்காருவதுபோலப் போய், பின்பக்கம் பெஞ்சைத் தொட்டதும் எழுந்திருக்க வேண்டும். பத்து கவுண்ட். அதற்கே பையன் கால் நடுங்கினான். மாஸ்டர் நின்று பார்த்ததெல்லாம் முட்டியைத்தான். எழுந்திருக்கும்போது இரண்டு முட்டியும் உள்பக்கம் சாய்கிறதா, குதிகால் தரையை விட்டுக் கிளம்புகிறதா, முதுகு கூன் விழுகிறதா என்று. ஒன்பதாவது கவுண்டில் முட்டி லேசாக உள்ளே போனது, எனக்குத் தெரியவே இல்லை, அவர் கையைத் தட்டி நிறுத்திவிட்டார்.

"தம்பி, போதும். வெயிட்டு இன்னிக்கு முடியலன்னா நாளைக்கு. முட்டி உள்ள போச்சுன்னா அதோட அந்த செட்டு முடிஞ்சுது."

பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது, அவன் பெரிய பிளேட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தவன். ஆனால் எனக்கு அந்த இடத்திலேயே நம்பிக்கை வந்துவிட்டது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறார், சாதாரணக் கோடு போட்ட 80 பக்க நோட்டு. தேதி, பயிற்சியின் பெயர், எத்தனை செட், எத்தனை கவுண்ட், என்ன வெயிட், கடைசியில் "எப்படி இருந்தது" என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைப் பிள்ளையே எழுத வேண்டும். என் மகன் நோட்டில் ஒரு நாள் "தொடை வலி, கபடி மேட்ச் இருந்தது" என்று எழுதி இருக்கிறான், அன்றைக்கு வெயிட்டைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார், பக்கத்திலேயே சிவப்புப் பேனாவில் குறித்தும் இருக்கிறார். ஒரே வெயிட்டில் 15 கவுண்ட் முட்டி அசையாமல் சுத்தமாக வந்தால்தான் அடுத்தது, அடுத்தது என்றால் இந்தப் பக்கம் ஒரு 1.25, அந்தப் பக்கம் ஒரு 1.25, அவ்வளவுதான். வாரத்தில் மூன்று நாள், திங்கள் புதன் வெள்ளி, நடுவில் ஒரு நாள் கண்டிப்பாக ஓய்வு. தண்டாலும் பஸ்கியும் வருகிற மூன்று நாளும் உண்டு, தொங்குகிற கம்பியும் உண்டு.

இனி தலைப்பில் உள்ள கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் இதுதான் பெரிய சண்டையாக இருந்தது. என் மாமியாரை, அதாவது பிள்ளைகளின் ஆயாவை, சமாளிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. "ஏம்மா, வளர்ற புள்ளைய கொண்டுபோய் இரும்பு தூக்க வுடுற? வளர்த்தி நின்னுடும். மல்லாட்டை மண்டில மூட்ட தூக்குன பசங்கள நான் பாத்திருக்கேன், ஒருத்தனாச்சும் ஒசந்தானா?" என்று வாய் ஓயாமல் சொன்னார். மல்லாட்டை என்பது எங்கள் பக்கத்தில் நிலக்கடலை. அவர் சொன்னதைத் தட்டிவிட எனக்கு மனசு வரவில்லை, அவர் கண்ணால் பார்த்ததைத்தானே சொல்கிறார். அதனால் உட்கார்ந்து படித்தேன், தெரிந்த எலும்பு டாக்டர் ஒருவரிடமும் கேட்டேன்.

கை, கால்களில் இருக்கிற நீள எலும்புகளின் நுனிக்குப் பக்கத்தில் குருத்தெலும்பால் ஆன மெல்லிய பட்டை ஒன்று இருக்கிறது. குரோத் பிளேட் என்று டாக்டர்கள் சொல்வது அதைத்தான். அங்கேதான் புது எலும்பு உருவாகி நீளம் கூடுகிறது. பருவ வயது முடிகிற நேரத்தில், பெண் பிள்ளைகளுக்குப் பொதுவாக 14லிருந்து 16க்குள்ளும் ஆண் பிள்ளைகளுக்கு 16லிருந்து 18க்குள்ளும், இந்தப் பட்டை முழுக்க எலும்பாக இறுகி மூடிக்கொள்ளும், அதற்குப் பிறகு உயரம் கூடாது. மூடுகிற வரைக்கும் அது சுற்றியிருக்கிற எலும்பைவிட மென்மையானது. அதில் அடிபட்டால் வளர்ச்சி பாதிக்கலாம் என்பது உண்மைதான், பயத்தின் வேர் இதில்தான் இருக்கிறது.

ஆனால் அந்தப் பட்டையில் பிள்ளைகளுக்கு அடிபடுவது பெரும்பாலும் எப்படி? சைக்கிளிலிருந்து விழுந்து கையை ஊன்றுவது, மரத்திலிருந்து விழுவது, ஃபுட்பாலில், கபடியில் மோதுவது. விரல்களிலும் மணிக்கட்டுக்குச் சற்று மேலேயும்தான் அதிகம். அதிலும் பெரும்பாலானவை சரியாகக் கட்டுப் போட்டால் ஆறிவிடுகின்றன. அப்படியே ஒன்றிரண்டு ஆறாமல் போனாலும் அந்த ஒரு எலும்புதான் கோணலாகவோ குட்டையாகவோ போகும், ஆள் மொத்தமாகக் குள்ளமாக மாட்டான். டாக்டர் இதைச் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. ஒரு ராடைத் தூக்கினால் முதுகெலும்பு, தொடை, கால் எல்லாவற்றிலும் இருக்கிற அத்தனை குரோத் பிளேட்டும் ஒரே சமயத்தில் நின்றுவிடும் என்று நினைப்பதற்கு உடம்பில் வழியே இல்லை.

இன்னொன்றும் சொன்னார். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் காலில் இறங்குகிற பாரம் உடம்பின் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு. குதித்து இறங்கினால் அதைவிடக் கூடும். நம் பிள்ளைகள் தேவனாம்பட்டினம் கடற்கரையில் சாயங்காலம் முழுக்கக் குதித்துக் குதித்து வாலிபால் ஆடுகிறார்கள், அதை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. 40 கிலோ பையன் தோளில் 10 கிலோவை வைத்து மெதுவாக உட்கார்ந்து எழுந்திருப்பதில் அந்த அளவு பாரம் வருவதில்லை.

மருத்துவ அமைப்புகள் என்ன சொல்கின்றன என்றும் தேடினேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2020ல் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. சரியாகத் திட்டமிட்டு, சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவர் மேற்பார்வையில் செய்கிற எடைப் பயிற்சியால் பிள்ளைகளின் உயர வளர்ச்சிக்கும் குரோத் பிளேட்டுக்கும் கெடுதல் தெரியவில்லை என்பதுதான் அதன் சாரம். 2014ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசினில் வெளியிட்ட அறிக்கையும் இதே பக்கம்தான் நிற்கிறது, அதோடு எலும்பு உறுதியாகும், விளையாட்டில் அடிபடுவது குறையும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. முன்பு 70, 80களில் வெயிட் தூக்கிய பையன்களுக்கு எலும்பில் அடிபட்ட சில சம்பவங்களை டாக்டர்கள் எழுதி வைத்தார்கள், அதிலிருந்துதான் மருத்துவ உலகத்திலும் பயம் பரவியது. அந்தச் சம்பவங்களில் பெரும்பாலானவை யாரும் பக்கத்தில் இல்லாமல், சரியான முறை தெரியாமல், முடிந்த மட்டும் அதிக எடையைத் தலைக்கு மேலே தூக்கப் பார்த்தபோது நடந்தவை.

ஆயா சொன்ன மூட்டை தூக்கிய பையன்கள்? அந்தக் காலத்துப் பிள்ளைகள் காலையிலிருந்து இருட்டுகிற வரைக்கும் சுமந்தார்கள், சாப்பிட்டது கூழும் வெங்காயமும், அதுவும் வயிறு நிறைய இல்லை. சின்ன வயதில் வருஷக்கணக்கில் சரியான சாப்பாடு கிடைக்காவிட்டால் வளர்ச்சி குன்றும் என்பது உலகம் பூராவும் தெரிந்த விஷயம். அந்தப் பிள்ளைகளின் உயரத்தைத் தின்றது பசி, அதை மூட்டையின் தலையில் போட்டுவிட்டோம். ஆயாவிடம் இப்படித்தான் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் "அதுவும் சரிதான், எங்க அண்ணன் ராத்திரில வெறும் நீராகாரம் குடிச்சுட்டுத்தான் படுத்துப்பான்" என்றார்.

பளு தூக்கும் வீரர்கள் எல்லாம் குட்டையாகத்தானே இருக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய மீராபாய் சானு ஐந்தடிக்குள்தான், சரி. ஆனால் அவர் போட்டியிட்டது 49 கிலோ பிரிவு. எடைப் பிரிவு வைத்து நடக்கிற விளையாட்டில், கை கால் நீளம் குறைவாக இருப்பவர் ராடைக் குறைந்த தூரத்துக்குத் தூக்கினால் போதும், அதனால் அந்த உடல்வாகு உள்ளவர்கள் அதில் ஜெயித்து மேலே வருகிறார்கள். எடைக்கு உச்சவரம்பு இல்லாத பிரிவில் பாருங்கள், 2016, 2020, 2024 மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கிய ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே 197 செ.மீ. உயரம், ஆறரை அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. நம் கர்ணம் மல்லேஸ்வரி பன்னிரண்டு வயதுவாக்கில் ஆரம்பித்துத்தான் 2000ல் சிட்னியில் வெண்கலம் வாங்கினார், ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014லும் 2018லும் காமன்வெல்த் தங்கம் வாங்கியபோது நம் பக்கத்துப் பையன் என்று எல்லோரும் கொண்டாடினோம். சர்வதேசப் போட்டிகளில் யூத் பிரிவே 13 வயதில் தொடங்குகிறது.

நடுவில் வீட்டில் ஒரு கலவரம் நடந்தது. ஜிம்மிலிருந்து வந்த பையனை ஆயா கதவு நிலையில் நிற்க வைத்து, தலையில் ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டார். முன்பு ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்ட கோட்டைவிடப் புதுக்கோடு அரை விரல்கடை கீழே இருந்தது. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று ஆரம்பித்துவிட்டார். பையனே பயந்துபோனான். மறுநாள் மாஸ்டரிடம் கேட்டதற்கு அவர் விளக்கினார்: முதுகெலும்புக்கு இடையில் இருக்கிற வட்டுகள் பகல் முழுக்க நிற்பதிலும் நடப்பதிலும் நீர் வற்றிக் கொஞ்சம் அமுங்கும், ராத்திரி படுத்தால் திரும்ப ஊறிவிடும், அதனால் எல்லா மனிதரும் காலையில் இருப்பதைவிட சாயங்காலம் ஒரு செ.மீ. அளவு குட்டையாகத்தான் இருப்பார்கள், ஜிம்முக்குப் போனாலும் போகாவிட்டாலும். மறுநாள் காலையில் எழுந்ததும் அளந்தோம், கோடு பழைய இடத்துக்கே வந்திருந்தது. உயரம் அளப்பதென்றால் எப்போதும் ஒரே நேரத்தில், காலையில் அளந்து பாருங்கள்.

உயரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது அம்மா அப்பாவின் உயரம். பிள்ளை டாக்டர்கள் ஒரு கணக்குப் போடுவார்கள்: அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் செ.மீட்டரில் கூட்டி, ஆண் பிள்ளைக்கு 13ஐச் சேர்த்து, பெண் பிள்ளைக்கு 13ஐக் கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் 168, நான் 154. என் மகனுக்கு 167.5 வருகிறது, அதற்கு மேலும் கீழும் எட்டு செ.மீ. வரைக்கும் போகலாம். அதற்குள் அவன் எங்கே நிற்பான் என்பதைச் சாப்பாடும் தூக்கமும் உடல்நலமும் முடிவு செய்யும். பையன்கள் வேகமாக வளர்வது 13, 14 வயதில்தான், ஒரே வருஷத்தில் 9, 10 செ.மீ. வரைக்கும் போவார்கள். அந்தச் சமயத்தில் எலும்பு முந்திக்கொண்டு நீளும், தசையும் தசைநாணும் பின்னால் வரும். அதனால் முட்டிக்குக் கீழே வீங்கி வலிக்கிற பிள்ளைகள் உண்டு, ஓட்டமும் குதிப்பதும் அதிகம் உள்ள பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலாக வரும். இந்த மாஸ்டர் அப்படி வலி என்று சொல்கிற பிள்ளைக்கு ஸ்குவாட்டை, அதாவது அந்த உட்கார்ந்து எழுந்திருக்கிற பயிற்சியை, நிறுத்திவிட்டு வேறு ஏதாவது கொடுக்கிறார், வலியோடு தூக்கச் சொல்வதில்லை. ஒரு அம்மாவிடம் அவரே சொன்னதைக் கேட்டேன்: "அக்கா, புள்ள திடீர்னு ஒசர ஆரம்பிச்சான்னா எங்கிட்ட சொல்லிடுங்க, நான் வெயிட்ட எறக்கணும்."

பயப்பட வேண்டியது எதற்கு என்றும் சொல்லிவிடுகிறேன், என் அக்கா மகனுக்கு நடந்ததை வைத்து. அவனுக்கு 15 வயது, டவுனிலேயே வேறு ஒரு ஜிம்மில் சேர்ந்தான், பெயர் வேண்டாம். பணத்தைக் கட்டிய நாளோடு சரி, சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது, ட்ரெய்னர் என்று டிஷர்ட் போட்டவர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காலேஜ் பையன்கள் இரண்டு பேர் "தூக்குடா, எவ்ளோ முடியுதுன்னு பாப்போம்" என்று ஏற்றிவிட்டிருக்கிறார்கள், இவனும் வீம்புக்கு, தரையில் கிடக்கிற ராடைக் குனிந்து தூக்குகிற டெட்லிஃப்ட் போட்டிருக்கிறான், முதுகைக் கூனிக்கொண்டு. இடுப்பு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் ஆட்டோவில் ஏற்றி வந்தார்கள். தசைப் பிடிப்புதான், நல்லவேளை, ஓய்வெடுத்துச் சரியாகிவிட்டது. வெயிட் தூக்கிக் கெட்டுப்போனான் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அந்த ஜிம்மின் மேல்தான் கோபம். பதினைந்து வயதுப் பையன் அவனவன் வயதுக்கு வீம்பு பிடிக்கத்தான் செய்வான், அதைத் தடுக்கத்தானே பெரியவர் ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்? ஒரே ஒரு தடவை முடிந்த மட்டும் தூக்கிப் பார்ப்பது என்கிற பழக்கத்தை இங்கே பிள்ளைகள் பேட்ச்சில் அறவே விடுவதில்லை, யாராவது ஏமாற்றிப் பிளேட் மாட்டினால் அன்றைக்கு முழுக்க பிவிசி பைப்தான்.

அதே இடத்தில் அவனுக்கு ஒரு பெரிய டப்பா பவுடரும் விற்றிருக்கிறார்கள், உடம்பு எடையைக் கூட்டும் என்று விற்கிற மாஸ் கெயினர். பின்னால் சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்தால் பெரும்பங்கு மாவுச்சத்தும் சர்க்கரையும்தான், அந்தப் பணத்துக்கு வீட்டில் மாதக்கணக்கில் முட்டை வாங்கலாம். பவுடராவது பணத்தோடு போகும். ஊசி, மாத்திரை என்று யாராவது ஆரம்பித்தால் அந்த இடத்திலிருந்தே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். ஆண் ஹார்மோன் வகை ஸ்டீராய்டுகள் வளர்கிற பிள்ளையின் குரோத் பிளேட்டை நேரத்துக்கு முன்பே மூட வைத்துவிடும், அப்படி மூடினால் திறக்க எந்த மருந்தும் கிடையாது. வளர்த்தி நின்றுவிடும் என்று ஆயா சொன்னது நிஜமாகவே நடக்கிற இடம் இதுதான். ஜிம் பக்கம் கேட்கிற கதைகளில் ராடையும் ஸ்டீராய்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள்.

கட்ஸ், அதாவது தசை புடைத்துத் தெரிவது, வரவில்லையே என்று பிள்ளைகள் கேட்பார்கள். பருவம் வருவதற்கு முந்தைய வயதில் பலம் கூடுவது பெரும்பாலும் நரம்பும் தசையும் சேர்ந்து வேலை செய்யப் பழகுவதால்தான், கை புடைத்துக்கொண்டு வராது. என் மகன் கை இன்னும் குச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது ரெய்டில் தொடையைப் பிடித்தால் கோட்டைத் தொடுகிற வரைக்கும் இழுத்துக்கொண்டு வருகிறான், அவன் பள்ளிக்கூடத்து விளையாட்டு மாஸ்டரே சொல்கிறார்.

சாப்பாட்டு விஷயத்தில் இந்த ஜிம் சொல்லும் ஆலோசனை நம் வீட்டு அடுப்படிக்குள் அடங்குகிறது, அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரைப்படி 13லிருந்து 15 வயது வரையிலான பையனுக்கு ஒரு நாளைக்கு 45 கிராம் புரதம், பெண்ணுக்கு 43 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் அதே அளவு, ஒரு கைப்பிடி மல்லாட்டையில் ஏழெட்டு கிராம், அப்புறம் பருப்பு, சுண்டல், மீன். கடலூரில் இருந்துகொண்டு மீனுக்கா பஞ்சம்? ஓ.டி. (ஓல்டு டவுன்) துறைமுகத்துப் பக்கம் காலையில் போனால் நெத்திலியும் மத்தியும் கிடைக்கும், நெத்திலியை முள்ளோடு மொறுமொறுவென்று வறுத்தால் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து போகும். சைவக்காரர்களுக்குக் கேழ்வரகு இருக்கிறது, நூறு கிராமில் 350 மில்லிகிராம் பக்கம் கால்சியம். ஆயா இப்போது சாயங்காலம் ஜிம்முக்குப் போகும் முன் கேழ்வரகு அடையும் வெல்லமும் கொடுத்து அனுப்புகிறார், அவரே கேட்டு.

தூக்கம்தான் எங்கள் வீட்டில் இன்னும் சரிவரவில்லை. இந்த வயதில் 8லிருந்து 10 மணி நேரம் வேண்டும், வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த தூக்கத்தில்தான் அதிகமாகச் சுரக்கிறது. டியூஷன் முடிந்து வந்து, ஹோம்வொர்க் எழுதி, போனும் பார்த்தால் பதினொன்றரை. மாஸ்டர் நோட்டில் தூங்கிய நேரத்தையும் எழுதச் சொல்லலாம் என்று நான் கேட்டிருக்கிறேன்.

பெண் பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்கு: என் அண்ணன் மகளும் இங்கேதான் வருகிறாள், ஒன்பதாம் வகுப்பு. வயசுக்கு வந்த பெண் வெயிட் தூக்கினால் கர்ப்பப்பை இறங்கிவிடும், ஆம்பளை மாதிரி ஆகிவிடுவாள் என்றெல்லாம் சொந்தத்தில் பேசினார்கள். பெண்கள் உடம்பில் ஆண் ஹார்மோன் மிகக் குறைவு, இந்த அளவுப் பயிற்சிக்குக் கை கால் முறுக்கிக்கொண்டு வர வாய்ப்பில்லை. இந்த வயதில் எலும்பில் சேர்கிற உறுதிதான் பின்னால் ஐம்பது, அறுபது வயதில் இடுப்பெலும்பு முறியாமல் காக்க உதவும், அதை விடுவதற்கு எனக்கு மனசில்லை. அவளுக்கு இரண்டு பை அரிசிச் சாமானை மாடிக்குத் தூக்கிக்கொண்டு வருவது இப்போது ஒரு விஷயமே இல்லை. ஆனால் பெண் பிள்ளைகளுக்கென்று தனி நேரம் இங்கே கிடையாது, சொல்லித் தர ஒரு பெண் ட்ரெய்னரும் கிடையாது. பெற்றோர் உட்கார நாற்காலி போட்டிருக்கிறார்கள், நாங்கள் யாராவது ஒருவர் கூடவே இருக்கிறோம். இதை அவர்கள் சரி செய்தால் நிறைய பெண் பிள்ளைகள் வருவார்கள், மாஸ்டரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

மற்ற குறைகளும் உண்டு. பாத்ரூம் ஒன்றுதான், சாயங்காலம் அது இருக்கிற நிலையைச் சொல்ல விரும்பவில்லை. மே மாதத்தில் மாடியில் அந்தப் புழுக்கத்துக்கு இரண்டு ஃபேன் போதவே போதாது, பிள்ளைகள் தண்ணீர் குடிக்கிறார்களா என்று மாஸ்டர் பார்த்துக்கொள்கிறார், ஆனாலும் நம் பாட்டிலைக் கொடுத்தே அனுப்புங்கள். மாதம் 900 ரூபாய், பரீட்சை மாதத்தில் பிள்ளை வராவிட்டாலும் பாதிப் பணம் கேட்கிறார்கள், அது நியாயமாக எனக்குப் படவில்லை. கீழே ரிசப்ஷனில் முதலாளி ஒரு கண்ணாடி அலமாரி நிறையப் பவுடர் டப்பாக்களை அடுக்கி வைத்திருக்கிறார், பெரியவர்கள் பேட்ச்சுக்காம். மாஸ்டர் பிள்ளைகளிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை, ஆனால் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதானே படி ஏறுகிறார்கள்? எடுத்துவிடச் சொல்லி நாங்கள் சில பெற்றோர் சேர்ந்து கேட்டிருக்கிறோம், முதலாளி பார்க்கலாம் என்றிருக்கிறார்.

சேரும்போது ஒரு ஃபாரம் கொடுப்பார்கள், அதில் வலிப்பு, இதயக் கோளாறு, ரத்த அழுத்தம், முன்பு எலும்பு முறிந்ததா, கேன்சர் சிகிச்சை எடுத்ததுண்டா என்றெல்லாம் கேட்டிருக்கும். ஏனோதானோ என்று எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டுவிடாதீர்கள், அப்படி ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். மாஸ்டரும் சீட்டு கேட்பார். பத்து வயதுக்குக் கீழே இருப்பவர்களை இவர்கள் எடுப்பதில்லை. சொன்னதைக் கேட்டு அப்படியே செய்கிற பக்குவம் இருந்தால் ஏழெட்டு வயதிலேயே ஆரம்பிக்கலாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்தான், ஆனால் ஒரு ஆள் பன்னிரண்டு பிள்ளைகளைப் பார்க்கிற இடத்தில் அவர்கள் எடுக்காமல் இருப்பதே நல்லது.

பேட்ச் ஐந்தரையிலிருந்து ஆறரை வரை. சேர்ப்பதற்கு முன்பு ஒரு நாள் சும்மா வந்து உட்கார்ந்து பார்க்க விடுகிறார்கள், காசு கேட்பதில்லை, புதன்கிழமை போங்கள், அன்றைக்குத்தான் புதுப் பிள்ளைகளுக்கு ஸ்குவாட் சொல்லித் தருவார். தட்டையான அடியுள்ள சாதாரண கேன்வாஸ் ஷூ போதும், மெத்தென்று இருக்கிற ரன்னிங் ஷூவைக் கழற்றச் சொல்லிவிடுவார். சந்துக்குள் கார் திரும்பாது, வண்டியை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போங்கள்.